விரும்பினால் தரம், இல்லாவிட்டால் பட்டி

விபத்தில் நசுங்கிய காரை நிமிர்த்தித் தரும் பாடி ஷாப்புகளுக்குச் சட்டம் எதற்கு? தொழிலே தனக்கொரு தரநிலையை எழுதிக்கொள்ளட்டும், விருப்பமுள்ள கடைகள் அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும். இந்தக் கருத்து இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் உவப்பாக இருக்கிறது. கார் கம்பெனிக்குப் பிடிக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பிடிக்கிறது, பெரிய பாடி ஷாப் முதலாளிக்குப் பிடிக்கிறது. அரசு உரிமம் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும் நடுத்தர வர்க்கக் கார் உரிமையாளருக்கும் பிடிக்கிறது. இத்தனை பேருக்கும் ஒருசேரப் பிடித்துப்போன ஏற்பாட்டில் விடுபட்டுப் போனவர் யார் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். கார்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன; புதிய உலோகம், புதிய சென்சார், புதிய ஒட்டும் முறை. சட்டம் எழுதி முடிப்பதற்குள் மாடலே மாறிவிடும், ஆகவே தொழில்நுட்பம் தெரிந்தவர்களே தரத்தை வகுக்கட்டும். உரிமம் என்று வந்துவிட்டால் இன்ஸ்பெக்டர் வருவார், பின்னாலேயே மாமூலும் வரும். நல்ல கடைகள் தாமாகச் சான்றிதழ் பெறும், இன்ஷூரன்ஸ்காரர்கள் அவற்றுக்கு வேலை அனுப்புவார்கள், மோசமானவை தாமே ஒதுங்கிவிடும். கட்டாயப்படுத்தினால் ஆயிரக்கணக்கான சின்ன டிங்கரிங் கடைகள் மூடப்படும். இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதமில்லை. ஆனால் எதுவும் சோதனையில் தேறவில்லை.

முதலில் நிலவரம். நம் ஊரில் வண்டிப் புகையைச் சோதிக்கும் மையம் நடத்தப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் வேண்டும். காரில் கேஸ் கிட் பொருத்தும் கடைக்கும் வேண்டும். விபத்துக்குப் பின் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றவர். ஆனால் அந்தக் காரின் முன், பின் கதவுகளுக்கு இடையிலுள்ள நடுத் தூணை அறுத்து வேறு தூணை வைத்து வெல்டிங் செய்பவருக்கு, அந்த வேலைக்கென்று ஒரு தகுதியைச் சட்டம் கேட்பதில்லை. செலவைக் கணக்கிடுபவருக்கு உரிமம் வேண்டும், உயிரைத் தாங்கும் இரும்பை ஒட்டுபவருக்கு வேண்டாம்.

ரிப்பேர் முடிந்த பிறகாவது யாராவது பார்க்கிறார்களா? போலீஸ் வழக்கான விபத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார். அது விபத்துக்கு வண்டியின் கோளாறு காரணமா என்று அறிய, அதாவது ரிப்பேருக்கு முன்னால். சரிசெய்து வெளியே வரும் சொந்தக் காரை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு முதல் 15 ஆண்டுகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றே கிடையாது. நாம் வாங்கும் செகண்ட் ஹேண்ட் காரின் கூரை ஒருமுறை மாற்றப்பட்டதா, எப்படி ஒட்டப்பட்டது என்று ஆர்.சி. புத்தகம் சொல்லாது.

இனி மறுப்புகள்.

1. தெரியாத தரத்தைச் சந்தை எப்படித் தேர்ந்தெடுக்கும்?

ஓட்டலில் சாம்பார் புளித்திருந்தால் நாக்குக்குத் தெரியும், மறுநாள் வேறு ஓட்டலுக்குப் போவோம். பாடி ஷாப்பில் வாடிக்கையாளருக்குத் தெரிவது மூன்றே விஷயங்கள்: பெயின்ட் நிறம் ஒத்துப்போகிறதா, கதவு சரியாகச் சாத்துகிறதா, சொன்ன தேதிக்கு வண்டி வந்ததா. அதற்கு அடியில் இருப்பதைப் பட்டியும் பிரைமரும் மூடிவிடுகின்றன. மோசமான வேலையும் நல்ல வேலையும் டெலிவரி அன்று ஒரே மாதிரி பளபளக்கும். வித்தியாசம் தெரிய இன்னொரு விபத்து நடக்க வேண்டும்.

அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவாதமே இதில்தான் நிற்கிறது. இப்போதைய பல கார்களின் நடுத் தூண் போரான் கலந்த எஃகால் ஆனது. சுமார் 900 டிகிரிக்குச் சூடேற்றி, அச்சில் அழுத்தி, அச்சிலேயே சட்டென்று குளிரவைத்துச் செய்யப்படுவது. அதன் இழுவலிமை 1,500 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும். பழைய காலத்துப் பாடித் தகட்டின் வலிமையைப்போலப் பல மடங்கு. வளைந்த அந்தத் தூணை டிங்கர் கேஸ் வைத்துச் சுட்டு நிமிர்த்தினால் தூண் நிமிர்ந்துவிடும், வலிமை போய்விடும். பக்கவாட்டில் லாரி இடிக்கும் வரை அது யாருக்கும் தெரியாது.

முன்பக்க நீளச் சட்டங்களின் கதை இதற்கு நேர்மாறானது. மோதும்போது குறிப்பிட்ட இடங்களில் மடிந்து, அதிர்ச்சியை விழுங்கும்படி அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மடிப்பில் காரின் வேகம் குறையும் விதத்தைப் பார்த்துத்தான் சில மில்லி செகண்டுகளில் ஏர்பேக்கைத் திறப்பதா என்று முடிவாகிறது. நல்ல மனசுள்ள ஒரு டிங்கர், “கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்” என்று மேலே ஒரு தகட்டைக் கூடுதலாக வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறார். அவர் ஏமாற்றவில்லை, காசும் அதிகம் கேட்கவில்லை. ஆனால் மடிய வேண்டிய இடம் இப்போது மடியாது. வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாக நாலு பேரிடம் அந்தக் கடையைச் சிபாரிசு செய்வார். சந்தை வெகுமதி தருவது இப்படித்தான்.

வாங்குபவரால் தரத்தைப் பார்க்க முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் எழுதினார். அதற்காகப் பின்னர், 2001-ல், பொருளாதார நோபலில் பங்கும் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தைதான். இதற்குச் சான்றிதழே மருந்து என்று எதிர்த்தரப்பு சொல்லும். கடையின் சுவரில் மாட்டிய சான்றிதழ் தெரியும், சரிதான். ஆனால் அது இல்லாத கடைக்கும் அதே தெருவில், அதே வேலையை, குறைந்த விலைக்குச் செய்யும் உரிமை முழுதாக இருக்கிறது. அந்தக் குறைந்த விலைதான் வாடிக்கையாளருக்குத் தெரியும் நான்காவது விஷயம்.

2. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், சாகிறவர் இன்னொருவர்

விருப்பத் தரநிலை என்ற ஏற்பாடு முழுதும் ஒரு அனுமானத்தில் நிற்கிறது: மலிவான கடையைத் தேர்ந்தெடுப்பவர் அதன் விளைவைத் தாமே அனுபவிப்பார். டல்லாஸில் நடந்ததைப் பாருங்கள். ஆலங்கட்டி மழையில் அடிபட்ட ஒரு 2010 மாடல் ஹோண்டா ஃபிட் காருக்கு அங்கே ஒரு பாடி ஷாப் கூரையை மாற்றியது. ஹோண்டாவின் முறைப்படி கூரையைப் புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். கடை பசையால் ஒட்டியது. பிறகு கார் கைமாறியது. பழைய காராக அதை வாங்கிய தம்பதிக்குக் கூரை மாற்றப்பட்டதே தெரியாது. 2013 டிசம்பரில் எதிரே வந்த வண்டியோடு மோதியபோது கார் தாங்க வேண்டிய விதத்தில் தாங்கவில்லை, தீயும் பிடித்தது. இருவரும் கடுமையாகக் காயமடைந்தார்கள். 2017-ல் நடுவர் குழு கடைக்கு விதித்த பங்கு மட்டும் 3 கோடியே 15 லட்சம் டாலர்.

எதிர்த்தரப்பு இந்த வழக்கையே தனக்குச் சாதகமாகக் காட்டும்: பார்த்தீர்களா, நீதிமன்றம் இருக்கிறதே, இவ்வளவு பெரிய தொகை மற்ற கடைகளைத் திருத்தாதா? திருத்தலாம், அமெரிக்காவில். அங்கே நடுவர் குழு கோடிக்கணக்கில் தொகை விதிக்கும், எரிந்த காரைப் பிரித்துப் பார்க்க நிபுணர்கள் கிடைப்பார்கள். இங்கே பக்கவாட்டு மோதலில் ஒருவர் இறந்தால் வழக்கு இடித்த வண்டியின் டிரைவர் மீது. இழப்பீடு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில். காரின் தூணை அறுத்துப் பார்த்து, இரண்டு வருடம் முன்பு யார் வெல்டிங் செய்தார் என்று யார் தேடுகிறார்கள்? நசுங்கிய கார் ஏலத்துக்குப் போகிறது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று கணக்கு முடித்து, கம்பெனி அந்த உருக்குலைந்த வண்டியை விற்கிறது. அவற்றில் பல உதிரியாகப் பிரியும். சில மீண்டும் ‘முழுக் கார்’ ஆகும். அதை வாங்கும் குடும்பம் எந்தக் கடையின் சான்றிதழையும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை.

எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரும் தேர்ந்தெடுத்ததில்லை, பின்சீட்டில் இருக்கும் குழந்தையும் தேர்ந்தெடுத்ததில்லை. இதையும் மீறி ‘வாடிக்கையாளர் விருப்பம்’ என்று பேசுவது, பேச்சு யாரைப் பற்றியது என்பதையே மறைப்பது.

3. இந்த ‘விருப்பம்’ யாருடையது?

பிரிட்டனைக் காட்டுவார்கள். அங்கே 2007-ல் பிஏஎஸ் 125 என்ற தரநிலை வந்தது. 2014-ல் அதுவே பிஎஸ் 10125 என்ற பிரிட்டிஷ் தரநிலை ஆனது. கருவிகள், பயிற்சி பெற்ற ஆள், உற்பத்தியாளர் முறை, ஆவணங்கள் எனக் கேட்பவை எல்லாம் நல்லவைதான். சட்டமில்லாமலே நூற்றுக்கணக்கான கடைகள் சேர்ந்தன என்பார்கள். சேர்ந்தது ஏன்? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் அங்கீகாரக் கடைகளிடம் அதைக் கேட்டன. வேலையில் பெரும்பகுதி இன்ஷூரன்ஸ் வழியாக வரும் தொழிலில், அதைக் கேட்பது கேட்பதல்ல, ஆணை. தரநிலையை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்த தாட்சம் ஆய்வு மையமும் 1969-ல் காப்பீட்டு நிறுவனங்களே தொடங்கியதுதான்.

ஆக, பிரிட்டன் காட்டுவது ‘விருப்பம் வெல்லும்’ என்பதை அல்ல. கட்டாயம் வெல்லும் என்பதை. ஆனால் அந்தக் கட்டாயம் நாடாளுமன்றத்திடம் பதில் சொல்லாது, பங்குதாரரிடம் சொல்லும். பில் கட்டுபவரே தரத்தையும் தீர்மானிக்கும்போது எந்தப் பக்கம் சாய்வு இருக்கும்? தரநிலையும் ஒரு மணி நேர உழைப்புக் கூலியும் ஒரே மேசையில் பேசப்படுகின்றன. ஸ்பாட் வெல்டிங் நூறு புள்ளி வைக்கும் நேரத்துக்குக் காசு தராமல், நூறு புள்ளி வைக்க வேண்டும் என்று தரநிலையில் எழுதிவைப்பதால் யாருக்கு என்ன பயன்? டல்லாஸ் வழக்கிலும், காப்பீட்டு நிறுவனம் காசு தரும் விதத்துக்கு ஏற்றபடி வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்கிற பேச்சு கடைத் தரப்புச் சாட்சியத்தில் வந்தது.

கார் கம்பெனி தரும் சான்றிதழ் இதைவிடச் சுத்தமா? 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் ரிப்பேர் கையேடுகளையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது. ஆனால் அந்த உத்தரவு காட்டிய படம் தெளிவானது. கையேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு, “கையேட்டின்படி செய்பவருக்கே சான்றிதழ்” என்று சொல்வது தரக் கட்டுப்பாடு அல்ல, சந்தைக்குப் போடும் வேலி.

4. சான்றிதழ் கடைக்கு, மோதப்போவது கார்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கீகாரம் பார்ப்பது கடையிடம் வளைந்த சட்டத்தை இழுத்து நேராக்கும் பெஞ்ச் இருக்கிறதா, வெல்டிங் மெஷின் இருக்கிறதா, ஆளுக்குப் பயிற்சிப் பத்திரம் இருக்கிறதா என்பதை. ஆடிட்டர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும், காட்டப்படும் கோப்புகளும் நன்றாக இருக்கும். மார்ச் மாதக் கடைசியில் 12 வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, அந்தப் பெஞ்ச்சில் ஏற்றாமல் சங்கிலி போட்டு இழுத்த காரைப் பற்றி அந்தச் சான்றிதழ் ஒன்றும் சொல்லாது. நியூசிலாந்தில், அடிச்சட்டம் சேதமான இறக்குமதிக் கார்கள் ரோட்டுக்கு வர வேண்டுமானால், அரசு நியமித்த ரிப்பேர் சான்றாளர் அந்தக் காருக்கே சான்று தர வேண்டும். அவரை வேலை தொடங்கும் முன்பே அழைக்க வேண்டும், பட்டி பூசிய பிறகு அல்ல. கேள்வியைச் சரியான பொருளிடம் கேட்கும் ஏற்பாடு இதுதான்.

5. விருப்பத்தில் தொடங்கி மெல்லப் பரவும் என்கிறார்கள். பரவியதா?

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை இந்தியாவில் 2000-ல் வந்தது, விருப்பத்தின் பேரில். 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமானது. அந்தக் கட்டத்தில் பதிவு செய்திருந்த நகைக்கடைகள் சுமார் 35 ஆயிரம்; அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. இருபது வருட விருப்பம் செய்யாததை ஒரு ஆணை செய்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: கட்டாயமாக்கினால் சின்ன நகைக்கடைகள் அழிந்துவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். தங்கத்தில் ஏமாந்தால் பணம்தான் போகும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே பாதை. கார் ரிப்பேர் கடைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறுகளை அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2005-ல் ஆராய்ந்தது. 2006-ல் தொழில் தானாக ஏற்கும் நடத்தை விதிகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அவை விருப்பமாக இருந்தால் போதாது என்று சட்டத்தில் சேர்த்துக் கட்டாயமாக்கியது. பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவும் அதே வழிக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸில் ரிப்பேர் தொழிலுக்கு உரிமம் என்பது 1980-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. உலகம் விருப்பத்தை நோக்கிப் போகிறது என்பவர்கள் எந்த வரைபடத்தைப் பார்க்கிறார்கள்?

6. சட்டம் பின்தங்கும் என்ற பயம்

வெல்டிங் எத்தனை டிகிரியில் என்று சட்டம் எழுதத் தேவையே இல்லை. தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் எங்கே அறுக்கலாம், எங்கே கூடாது, எத்தனை புள்ளி, எந்தக் கம்பி என்று உற்பத்தியாளரின் கையேடு சொல்கிறது. அமெரிக்காவின் முக்கியமான ரிப்பேர் சங்கங்களே 2011-ல் சேர்ந்து, உற்பத்தியாளரின் வெளியிடப்பட்ட முறையே தொழிலின் தரம் என்று அறிவித்தன. புதிதாகக் குழு போட்டு எழுத வேண்டியது ஒன்றுமில்லை. வேலை முறையைப் பற்றிச் சட்டம் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: அந்த முறையைக் கம்பெனி எல்லாக் கடைக்கும் நியாயமான விலையில் தர வேண்டும். உயிர் தாங்கும் பாகங்களில் வேலை செய்பவர் அதை மீறக் கூடாது. மாடல் மாறினால் கையேடு மாறும், சட்டம் மாற வேண்டாம்.

சட்டம் எப்போதும் பின்னால்தான் ஓடும் என்பதும் உண்மையில்லை. காரின் முன்கண்ணாடியில் பொருத்திய கேமராவும் முகப்பில் இருக்கும் ரேடாரும் தானாக பிரேக் போடும் காலம் வந்தபோது, கண்ணாடி மாற்றிய பிறகு அந்தக் கேமராவைச் சரியான கோணத்தில் அமைக்கும் வேலையை ஜப்பான் 2020 ஏப்ரலில் சட்டப்படி அங்கீகாரம் தேவைப்படும் வேலையாக்கியது. நம் ஊரிலும் அத்தகைய கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கண்ணாடியை ஒட்டிவிட்டு, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் வேலை முடிந்தது என்று நினைக்கும் வழக்கமும் ஓடுகிறது. ஏர்பேக் வெடித்த காரில் புது ஏர்பேக்குக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி, அந்த விளக்கையே ஏமாற்றும் கலையும் இந்தத் தொழிலுக்குத் தெரியாததல்ல.

7. மாமூல்

இதுதான் கனமான ஆட்சேபம். எஃப்.சி. எடுக்கப் போன எந்த லாரி டிரைவரிடமும் கேட்டுப் பாருங்கள். உரிமம் என்றால் ஒரு கையெழுத்துக்கு ஒரு விலை என்ற பயம் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பயத்திலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? லஞ்சம் வாங்குவார்கள் என்பதற்காக டிரைவிங் லைசென்ஸை விருப்பமாக்கிவிட்டோமா? மருந்துக்கடைக்கு உரிமம் வேண்டாம் என்றோமா? லஞ்சத்துக்கு இடம் தருவது அதிகாரியின் தன்னிச்சையான பார்வை. அதைக் குறைக்கும்படி விதியை எழுத முடியும். தூண், கூரை, நீளச் சட்டம், தளம் ஆகியவற்றில் கை வைக்கும் ஒவ்வொரு வேலைக்கும், பட்டி பூசுமுன் எடுத்த தேதியிட்ட படங்களும் அளவுப் பதிவும் செய்தவரின் பெயரும் வாகனப் பதிவுத் தரவுத்தளமான வாஹனில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதில் இன்ஸ்பெக்டர் கடைக்கு வரவே தேவையில்லை. கார் வாங்கும் ஒவ்வொருவரும் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவார்கள். கிளைம் விவரம் ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. காட்ட வேண்டியவருக்குக் காட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

தனியார் ஆடிட்டர் மட்டும் கை நனைக்க மாட்டார் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். ஆடிட் செய்யப்படும் கடையே ஆடிட்டருக்குச் சம்பளம் தருகிறது. ஒரு நிறுவனம் கெடுபிடி காட்டினால் இன்னொரு சான்று நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். இதற்கு யாரும் லஞ்சம் என்று பெயர் வைப்பதில்லை, ‘கிளையன்ட் ரிலேஷன்’ என்கிறார்கள்.

8. சின்ன டிங்கருக்காகக் கண்ணீர்

கோவையிலும் சென்னையிலும் தகரத்தைத் தட்டியே வடிவம் கொண்டுவரும் கைகள் இருக்கின்றன. அம்பாசிடர் மட்கார்டை எந்த அச்சும் இல்லாமல் சுத்தியலால் எழுப்பியவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி உரிமத்தை எதிர்ப்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த டிங்கரைத் தம் அங்கீகாரக் கடைகளின் நெட்வொர்க்கில் சேர்க்காதவர்களே.

அவரை உண்மையில் கொல்வது இந்த விருப்பச் சான்றிதழ்தான். பல லட்ச ரூபாய்க் கருவி, ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பயிற்சிக் கட்டணம், ஆண்டுதோறும் ஆடிட் கட்டணம், அதன் பிறகும் கேஷ்லெஸ் பட்டியலில் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமில்லை. வாடிக்கையாளருக்கு அவர் கடை பிடித்திருந்தாலும், முதலில் கைக்காசைக் கட்டிப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் திரும்பப் பெற வேண்டும் என்பதால் நெட்வொர்க் கடைக்கே போகிறார். சட்டப்படியான தகுதி அடுக்குகளாக இருக்க முடியும். டென்ட், ஸ்க்ராட்ச், பம்பர், பெயின்ட் வேலைக்கு எளிய பதிவு. உயிர் தாங்கும் பாகங்களுக்கு மட்டும் தேர்வும் கருவியும். அந்தத் தேர்வில் தேறிய டிங்கரின் தகுதியை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் மறுக்க முடியாது, அது நெட்வொர்க்கின் தயவு அல்ல. ஜெர்மனியில் பாடி வேலையும் பெயின்டிங்கும் மாஸ்டர் தகுதி கட்டாயமான கைவினைத் தொழில்கள். அங்கே குடும்பக் கடைகள் அழிந்துவிடவில்லை. அப்பாவுக்குப் பிறகு மகள் மாஸ்டர் தேர்வு எழுதிக் கடையை எடுத்து நடத்த முடிகிறது. இங்கே தொழில் தெரிந்த ஒரு கை ஓய்ந்தால் அதோடு கடையும் ஓய்ந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தத் திறமைக்கு எழுத்தில் எந்த மதிப்பும் இல்லை.

மிச்சமிருப்பது ஒரே ஆட்சேபம்: செலவு கூடும், பிரீமியம் ஏறும். ஏறும்தான். சரியான வெல்டிங்குக்கு நேரம் ஆகிறது, அளவெடுக்கும் கருவிக்கு விலை இருக்கிறது, தேர்வு எழுதிய ஆள் கூடுதல் சம்பளம் கேட்பார். இந்தச் செலவு இப்போது மட்டும் இல்லாமலா இருக்கிறது? பிரீமியக் கணக்கில் வராமல், மலிவாக ரிப்பேர் ஆகி மூன்றாவது கைக்குப் போன காரில் உட்கார்ந்திருப்பவர் தலையில் அது எழுதப்பட்டிருக்கிறது. அவரிடம் கேட்காமலே.